எந்த ஊருக்கு எந்த ஊர் மொபசல்?

மைசூரின் தேவராஜ மொஹல்லாவுக்குப் பெயர் வைத்தவர்கள் ஒரே மூச்சில் இரண்டு உலகங்களை ஒட்டவைத்திருக்கிறார்கள். முன்பாதி உடையார் வம்சத்து அரசரின் பெயர், சுத்த வடமொழி. பின்பாதி அரபு. 'மஹல்லா' என்றால் பயணத்தை நிறுத்தி, மூட்டையை இறக்கி, தங்கிவிட்ட இடம். மைசூர்க்காரர்களுக்கு இதில் வியப்பு ஏதும் கிடையாது. கிருஷ்ணராஜ மொஹல்லா, சாமராஜ மொஹல்லா, லஷ்கர் மொஹல்லா, மண்டி மொஹல்லா என்று ஊர் முழுக்கவே இப்படித்தான். தமிழ்நாட்டில் பேட்டை என்று சொல்லும் இடத்தில் அங்கே மொஹல்லா.

இந்தப் பகுதிக்கு முகவரி கொடுப்பது 1886-இல் உருவான தேவராஜா மார்க்கெட். அதே ஆண்டில் வைஸ்ராய் டஃப்ரின் வருகையின் நினைவாக எழுப்பிய சின்ன கடிகாரக் கோபுரம் அதன் வாசலில் நிற்கிறது. (மார்க்கெட்டை ஒட்டிய தேவராஜ அரசு சாலையின் தேவராஜர் வேறு ஆள். அவர் 1970-களில் கர்நாடக முதலமைச்சராக இருந்தவர். அரசர் ஒரு தேவராஜர், 'அரசு' இன்னொரு தேவராஜர். வெளியூர்க்காரர்கள் குழம்புவது நியாயம்தான்.) நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம், மைசூர் வெற்றிலை, மைசூர் மல்லிகை என்று சந்தையில் பெயர் பெற்ற சரக்குகளில் பாதி சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து வந்து இறங்குபவை. வாங்கவும் விற்கவும் வந்தவர்கள் ஊர் திரும்ப பெங்களூர்–நீலகிரி சாலையில் இருக்கும் பேருந்து நிலையத்துக்குப் போவார்கள். அந்த நிலையத்தின் பெயர்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அதன் பெயர் 'சப்-அர்பன் பஸ் ஸ்டாண்ட்'. அதாவது புறநகர் நிலையம். அங்கிருந்து நஞ்சன்கூடும் போகலாம், ஊட்டியும் மங்களூரும் போகலாம், முக்கியமாகப் பெங்களூர் போகலாம். பெங்களூர் மைசூரின் புறநகர் என்று எந்தப் பெங்களூர்க்காரரிடமும் சொல்லிப்பார்க்க வேண்டாம். கன்னடத்தில் 'கிராமாந்தர' நிலையம் என்கிறார்கள். அந்தக் கணக்குப்படி பெங்களூர் கிராமமாகிவிடும், அது இன்னும் மோசம். உள்ளூர் வண்டிகளுக்கு ஒரு நிலையம், ஊரைத் தாண்டிப் போகும் வண்டிகளுக்கு இன்னொரு நிலையம் என்பதுதான் ஏற்பாடு. இரண்டாவதைச் சொல்ல ஆங்கிலத்தில் கச்சிதமான ஒரு பெயரடை இருக்கிறது. கோழிக்கோட்டில் மாவூர் சாலை நிலையத்துக்கு அதையே பெயராக வைத்தார்கள். சென்னையில் கோயம்பேட்டில் வைத்தார்கள். மைசூர் மட்டும் எப்படியோ விட்டுவிட்டது.

மொபசல். மொஃபசல் என்றும் எழுதுவார்கள். ஆங்கிலத்திலேயே இதற்கு ஏழெட்டு எழுத்துக்கூட்டல்கள் உண்டு என்பதால் தமிழில் இரண்டு இருப்பது குற்றமில்லை.

ஆங்கில அகராதிகளில் இடம்பெற்ற சொல்தான். ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ ஒருவரிடம் சொன்னால் விழிப்பார். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தைத் தாண்டினால் இது அகராதிக்குள் மட்டும் வாழும் அபூர்வச் சொல். இங்கே, கோயம்பேடு போகும் ஆட்டோ ஓட்டுநருக்கு 'சி.எம்.பி.டி.' என்ற நாலெழுத்தில் நடுவில் இருப்பது அதுதான் என்று தெரியாவிட்டாலும், ஒரு நாளைக்குப் பத்துமுறை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886-இல் வந்தது. ஆம், தேவராஜா மார்க்கெட்டுக்கும் அதற்கும் ஒரே வயது. தொகுத்தவர்கள் இருவர்: ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னெல். யூல் லண்டனில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். பர்னெல் 1860-இல் சென்னை மாகாண சிவில் சர்வீசுக்கு வந்து, தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரஸ்வதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்து 1880-இல் வெளியிட்டவரும் அவரே. உடல்நிலை கெட்டு 1882-இல் இறந்துபோனார், அகராதி அச்சானதைப் பார்க்கவில்லை. மொபசல் என்ற சொல்லுக்குப் பொருள் எழுத இவரைவிடத் தகுதியான ஆள் கிடைத்திருக்க முடியாது. தஞ்சாவூர் நீதிபதி என்றால் சென்னை கிளப்பில் அவருக்குப் பெயரே மொபசல் நீதிபதிதான்.

அந்த அகராதி சொல்லும் பொருளில் ஒரு நுட்பம் இருக்கிறது. மாகாணத் தலைநகரில் நின்று பார்த்தால் மற்ற மாவட்டங்கள் எல்லாம் மொபசல். மாவட்டத் தலைநகரில் நின்று பார்த்தால் அந்த மாவட்டத்தின் மற்ற ஊர்கள் மொபசல். அதாவது இது ஊரின் குணத்தைச் சொல்லும் பெயரடை இல்லை. 'பெரிய', 'வறண்ட', 'பழைய' என்பவை ஊரோடு ஒட்டிக்கொள்பவை. மொபசல் ஒட்டாது. பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் அது காட்டிக்கொடுக்கும். 1781-இலேயே கல்கத்தாவில் ஹிக்கியின் பத்திரிகை, இந்தியாவில் அச்சான முதல் செய்தித்தாள், இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறது, அதுவும் எழுத்துப்பிழையோடு. தலைநகரத்துக்காரர்கள் அப்போதே அதைச் சரியாகக் கோக்கவில்லை.

சொல்லின் பிறப்பிடம் அரபு. அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து கிளைப்பவை. இங்கே வேர் ஃப-ஸ-ல. பொருள், பிரிப்பது, வகுப்பது. 'முஃபஸ்ஸல்' என்றால் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டது, விவரமாக வகுக்கப்பட்டது. குர்ஆனின் பிற்பகுதியில் வரும் சிறு அத்தியாயங்களுக்கும் இதே பெயர் உண்டு, அடிக்கடி இடைவெளி விட்டுப் பிரிந்திருப்பதால். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸமக்ஷரி எழுதிய புகழ்பெற்ற அரபு இலக்கண நூலின் பெயரும் 'அல்-முஃபஸ்ஸல்'. இலக்கணப் புத்தகமும் கோயம்பேடு பஸ் நிலையமும் பெயரளவில் சொந்தக்காரர்கள்.

முகலாய ஆட்சியில் இந்தச் சொல் கணக்குப்பிள்ளைகளின் சொல்லாகியது. மொத்தமாக இருக்கும் பகுதியிலிருந்து தனித்தனியாக வகுக்கப்பட்ட நிலப்பகுதிகள் முஃபஸ்ஸல். அங்கிருந்து கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் தமிழர்களுக்கு இந்த வேர் அந்நியமே இல்லை. தாலுகா ஆபீசுக்கு ஒருமுறையாவது போயிருப்பவர் அதன் குடும்பம் மொத்தத்தையும் சந்தித்திருப்பார்.

பசலி என்று ஒரு சொல். அடங்கலிலும் கிஸ்தி ரசீதிலும் வருவது. 'பசலி 1435' என்று எழுதியிருக்கும். அது 2025 ஜூலை 1-இல் தொடங்கி 2026 ஜூன் 30-இல் முடியும் வருவாய் ஆண்டு. அரபில் 'ஃபஸ்ல்' என்றால் பிரிவு. ஆண்டின் பிரிவு பருவம், நூலின் பிரிவு அத்தியாயம், பருவத்தில் விளைவது மகசூல். இந்த எண் எப்படி வந்தது என்பது தனிக்கதை, கொஞ்சம் நின்று கேட்கலாம்.

ஹிஜ்ரி ஆண்டு நிலவைப் பின்பற்றுவது. சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. அதை வைத்து நிலவரி வசூலித்தால், சில ஆண்டுகளில் வரிக்கெடு அறுவடைக்கு முன்னால் வந்து நிற்கும். வயலில் கதிர் பச்சையாக இருக்கும்போது உழவன் எதை விற்றுக் கட்டுவான்? அக்பர் காலத்தில் இதற்குக் கண்ட வழி, ஹிஜ்ரியின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பிறகு சூரியக் கணக்கில் எண்ணிக்கொண்டு போவது. விளைச்சல் ஆண்டு என்பதால் ஃபஸ்லி. தக்காணத்துக்கு இதை ஷாஜகான் 1636-இல் கொண்டுவந்தார். அப்போது ஹிஜ்ரி 1046. இரண்டுக்கும் இடைவெளி 590. அந்த 590 இன்றுவரை மாறவில்லை. ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் அந்த ஜூலையில் பிறக்கும் பசலி. ஷாஜகான் தாஜ்மகால் கட்டினார் என்பது பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவது. தமிழ்நாட்டுக் கிராம நிர்வாக அலுவலரின் மேசையில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டுக்கணக்கு அவருடையது என்பதை யாரும் சொல்வதில்லை.

அடுத்தது தபசில். கிரையப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் சர்வே எண், விஸ்தீரணம், நான்கெல்லை எல்லாம் விவரித்திருக்கும் பகுதி. 'தபசில் சொத்து' என்று பத்திர எழுத்தர்கள் எழுதுவார்கள். அது அரபின் 'தஃப்ஸீல்', பிரித்துப் பிரித்து விவரித்தல். வேர் அதேதான். பைசல் இன்னொன்று. கடன் பைசலாகிவிட்டது, வழக்கு பைசலாகிவிட்டது என்கிறோமே, அது நியாயம் எது அநியாயம் எது என்று பிரித்து முடிவு சொல்வது. சவூதி அரேபியாவின் ஃபைசல் மன்னர் பெயரும் இதுவே. (வசூல் என்ற சொல்லும் ஒலியால் இந்தக் குடும்பம்போலத் தோன்றும். இல்லை. அது வந்துசேர்தல் என்ற பொருளுள்ள வேறு வேர். பணம் வந்து சேர்ந்தால்தானே வசூல்.)

ஆக, ஒரே ஒரு விவசாயி தன் நிலத்தைத் தபசிலில் எழுதி விற்று, பசலிக் கணக்கில் வரி கட்டி, கடனைப் பைசல் செய்துவிட்டு, மொபசல் பஸ் ஏறி ஊருக்குப் போனால், அவர் நாள் முழுக்க ஒரே அரபு வேரின் நான்கு பேரக்குழந்தைகளோடு பழகியிருக்கிறார். பீஜப்பூர், கோல்கொண்டா, தஞ்சை மராத்தியர், ஆற்காடு நவாப் என்று பல ஆட்சிகளின் கணக்கு எழுதியவர்கள் வழியாக இவை தமிழுக்குள் வந்து நிலைத்துவிட்டன. மொபசல் மட்டும் கொஞ்சம் வேறு தடத்தில், ஆங்கிலத்தின் தோளேறி வந்ததுபோலத் தெரிகிறது. அதனால்தான் மற்ற மூன்றும் தமிழ்ச் சொல்லாகவே ஒலிக்க, இது மட்டும் இன்னும் அரசாங்கக் கடிதத்தின் வாடையோடு இருக்கிறது.

மொபசலுக்கு எதிர்ச்சொல் உண்டு: சதர். அரபில் மார்பு, முன்பக்கம், அதனால் தலைமை இடம். 1772-இல் வங்காளத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ் நீதிமன்றங்களை ஒழுங்குபடுத்தியபோது ஒவ்வொரு மாவட்டத்திலும் மொபசல் திவானி அதாலத் வைத்தார். 500 ரூபாய்க்கு மேற்பட்ட வழக்குகளில் கல்கத்தாவின் சதர் திவானி அதாலத்துக்கு மேல்முறையீடு. இந்த இரட்டை ஏற்பாடு 1802-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மயிலாடுதுறை மக்கள் 'மாயூரம் முன்சீப்' என்று நினைவில் வைத்திருக்கும் வேதநாயகம் பிள்ளை இந்த மொபசல் நீதிமன்றங்களில் வாழ்ந்தவர். சதர் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார், தலைநகரில் ஆங்கிலத்தில் சொன்ன சட்டம் மொபசலில் தமிழில் புரியட்டும் என்று. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்ற புகழில் இந்த வேலை மறைந்துபோய்விட்டது. நாவலைவிட இது சிரமமான வேலை என்றுதான் தோன்றுகிறது.

சதர் தமிழ்நாட்டில் வேறொரு வழியிலும் தங்கியிருக்கிறது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. பரதநாட்டியத்துக்கு அந்தப் பெயர் வருமுன் வழங்கிய பெயர் சதிர். தஞ்சை மராத்தியர் சபையில், அதாவது சதரில் ஆடியதால் சதிர் என்கிறார்கள். அதோடு சேர்ந்த 'கச்சேரி'யும் அலுவலகச் சொல்தான். இலங்கையில் மாவட்டச் செயலகத்தை இன்றும் கச்சேரி என்றே அழைக்கிறார்கள். சதிர்க்கச்சேரி என்றால் சொல்லளவில் 'தலைமை அலுவலகம்'. கலை எங்கே நடந்தது என்பதே கலையின் பெயராகிவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் சொல்லின் குடும்பக்கதை. அதன் கூர்மை எங்கே இருந்தது என்றால், சட்டத்தில். ஆங்கிலேயன் ஒருவன் கல்கத்தாவிலோ சென்னையிலோ பம்பாயிலோ இருந்தால் அரசரின் உச்ச நீதிமன்றம். மொபசலில் இருந்தால்? அங்கே நடப்பது கம்பெனியின் நீதிமன்றம். 1836-இல் மெக்காலே, மொபசலில் வாழும் ஆங்கிலேயர்களின் சிவில் வழக்குகளும் மற்றவர்களைப்போலவே கம்பெனி நீதிமன்றங்களில் முடியட்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். கல்கத்தா ஐரோப்பியர்கள் அதற்கு 'கறுப்புச் சட்டம்' என்று பெயர் வைத்துக் கூச்சல் போட்டார்கள். மெக்காலேயைத் திட்ட நம்மவர்களுக்குப் பல காரணங்கள் இருக்கின்றன. அந்த ஆண்டு அவரைத் திட்டியவர்கள் அவருடைய ஆட்களே.

பெரிய கூத்து 1883-இல். பிஹாரி லால் குப்தா என்ற ஐ.சி.எஸ். அதிகாரி கல்கத்தாவில் பிரசிடென்சி மாஜிஸ்திரேட். அங்கே அவர் ஐரோப்பியர்களையும் விசாரிக்கலாம். ஆனால் பதவி உயர்ந்து மொபசலுக்குப் போனால் அந்த அதிகாரம் போய்விடும். அதே மனிதர், அதே படிப்பு, பதவியோ முன்னைவிடப் பெரியது. அவர் இதை மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். வைஸ்ராய் ரிப்பன் காலத்தில் சட்ட உறுப்பினர் இல்பர்ட் கொண்டுவந்த மசோதா அந்த வேறுபாட்டை நீக்கப் பார்த்தது. அவுரித் தோட்டக்காரர்களும் தேயிலைத் தோட்டக்காரர்களும் கொதித்தெழுந்தார்கள். வேடிக்கையைக் கவனிக்க வேண்டும்: கல்கத்தாவில் ஓர் இந்தியர் முன் நிற்பது அவர்களுக்கு ஏற்கெனவே பழகிப்போயிருந்தது. மொபசலில் நிற்பதுதான் அவமானம். ஏனென்றால் அங்கேதான் அவர்கள் தனிக்காட்டு ராஜா. 1884 ஜனவரியில் சமரசம் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஐரோப்பியர் கேட்டால், பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியர் உள்ள ஜூரி. மசோதாவின் பல்லைப் பிடுங்கிவிட்டுச் சட்டமாக்கினார்கள். அடுத்த ஆண்டு காங்கிரஸ் பிறந்தது. கூட்டம் போட்டு, சங்கம் வைத்து, பத்திரிகையில் எழுதி ஓர் அரசை எப்படிப் பணியவைப்பது என்பதைத் தோட்டக்காரர்களிடமிருந்தே இந்தியர்கள் கற்றுக்கொண்டார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுவதுண்டு.

சட்டத்தில் அந்தக் கோடு முழுக்க அழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வீட்டுக் கடனுக்குப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து 'எம்.ஓ.டி.' போடுகிறோமே, 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டத்தில் அந்த வகை அடமானத்துக்குப் பெயர் சொல்லிக் குறித்திருக்கும் ஊர்கள் கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்றுதான். மற்ற ஊர்களுக்கு மாநில அரசு தனியாக அறிவிக்கை வெளியிட வேண்டும்.

மொபசல் என்ற சொல்லைக் கேவலமாக அல்லாமல் கொடியாகத் தூக்கிப்பிடித்த ஒருவரும் இருந்தார். ஜான் லாங், சிட்னி பக்கம் பிறந்த வழக்கறிஞர். ஆஸ்திரேலியாவில் பிறந்த முதல் நாவலாசிரியர் என்று அவரைச் சொல்வார்கள். 1845-இல் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'தி மொஃபசலைட்', மொபசல்வாசி. வட இந்தியாவில் மீரட், அம்பாலா என்று அது நடந்தது. கம்பெனியை எதிர்த்து இந்தியர்களுக்காக வாதாடினார். ஜான்சி ராணி லட்சுமிபாய் 1854-இல் தன் வழக்குக்காக அழைத்ததும் இவரைத்தான். முசோரியில் 1864-இல் இறந்தார். மறந்துபோன அவருடைய கல்லறையை நூறாண்டு கழித்துத் தேடிக் கண்டுபிடித்தவர் எழுத்தாளர் ரஸ்கின் பாண்ட்.

தமிழிலும் பெரிய நாளிதழ்கள் சில மொபசலில்தான் பிறந்தன. தினத்தந்தி 1942-இல் மதுரையில். தினமலர் 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி, 1957-இல் திருநெல்வேலிக்கு வந்தது. ஆனால் சென்னைப் பத்திரிகை அலுவலகங்களில் 'மொபசல் நிருபர்' என்றால் நீண்டகாலம் சம்பளம் இல்லாதவர் என்று பொருள். அச்சான செய்தியின் நீளத்துக்குத் தக்க காசு.

அப்படிப்பட்ட நிருபர் ஒருவர் 1930-களில் மைசூர்த் தெருக்களில் அலைந்துகொண்டிருந்தார். பெயர் ஆர்.கே. நாராயண். சென்னையில் பிறந்து, பாட்டியிடம் புரசைவாக்கத்தில் வளர்ந்து, தலைமையாசிரியரான தந்தையோடு மைசூரில் சேர்ந்தவர். கல்யாணம் ஆகிவிட்டது, வருமானம் இல்லை. நீதிக்கட்சியின் 'ஜஸ்டிஸ்' பத்திரிகைக்கு மைசூர் நிருபரானார். பிராமணரல்லாதார் உரிமைக்காகச் சென்னையிலிருந்து நடந்த பத்திரிகைக்கு மைசூரிலிருந்து செய்தி அனுப்புகிறவர் ஓர் ஐயர். பத்திரிகைக்காரர்களுக்கு அதில் தனி சந்தோஷமாம். காலையில் புறப்பட்டு மார்க்கெட், கோர்ட்டு, போலீஸ், நகரசபை என்று சுற்றிச் செய்தி பொறுக்கி, தபாலில் சேர்த்து, வெளிவந்ததை அங்குலக் கணக்கில் அளந்து பணம் கேட்கும் பிழைப்பு. 1974-இல் வந்த தன்வரலாறான 'மை டேஸ்' நூலில் அதைச் சிரித்துக்கொண்டே விவரிக்கிறார். முதல் நாவல் 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' 1935-இல் லண்டனில் வெளியானது. மால்குடி என்ற ஊருக்கு மைசூரும் ஓரளவு மண் கொடுத்திருக்கிறது என்றால், அந்த மண்ணை அவர் அள்ளியது இந்த மொபசல் நிருபர் வேலையில் சுற்றியபோதும்தான். அவரைச் சென்னைக்காரர், மைசூர்க்காரர் என்று இரு தரப்பும் உரிமை கொண்டாடுகின்றன. 'ஜஸ்டிஸ்' கணக்குப் புத்தகத்தில் அவர் மொபசல்காரர்.

இதில் மைசூருக்கு வருத்தப்பட நியாயம் இருக்கிறது. அது தலைநகரம். அரசரின் அரண்மனை அங்கேதான். ஆனால் 1831-இல் ஆங்கிலேயர் ஆட்சியைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டபோது அலுவலகங்கள் பெங்களூருக்குப் போயின. 1860-களில் அங்கே 'அட்டாரா கச்சேரி' எழுந்தது, பதினெட்டுத் துறைகளின் அலுவலகம். இன்றைக்கு அது கர்நாடக உயர் நீதிமன்றம். 1881-இல் ஆட்சி மறுபடி உடையார்களிடம் வந்தது, அலுவலகங்கள் வரவில்லை. சிம்மாசனம் ஓர் ஊரில், கோப்பு இன்னோர் ஊரில். இப்படி ஒரு தலைநகரமே மொபசலாகிவிட்டது. தலைநகரம் என்பது அரசர் இருக்கும் இடமா, குமாஸ்தா இருக்கும் இடமா என்று கேட்டால், மொபசல் என்ற சொல் கொஞ்சமும் தயங்காமல் குமாஸ்தா பக்கம் நிற்கும்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. செம்மொழித் தமிழுக்கான மத்திய அரசின் உயராய்வு மையம் 2006-இல் தொடங்கியது மைசூரில், அங்குள்ள இந்திய மொழிகள் நடுவண் நிறுவனத்தில். 2008-இல்தான் சென்னைக்கு வந்தது. அந்த இரண்டாண்டு, தொல்காப்பிய ஆய்வுக்குப் பணம் கேட்டு விண்ணப்பித்தவர்களுக்கு மைசூர் சதர், சென்னை மொபசல்.

வங்காளத்தில் இந்தச் சொல்லுக்கு ஏறக்குறைய செல்லப்பெயரின் அந்தஸ்து. கல்கத்தாவுக்கு வெளியே உள்ள சிற்றூர் வாழ்க்கையின் மணம், சலிப்பு, நிதானம் எல்லாம் அதில் அடக்கம். எழுதும்போது நடுவில் 'ஸ்வ' என்ற கூட்டெழுத்தைப் போட்டு வடமொழிச் சொல்போலவே அலங்கரித்துவிட்டார்கள். பீகாரில் உணர்ச்சியே கிடையாது. கயை, பெகுசராய், சமஸ்திப்பூர் போன்ற ஊர்களில் நகரக் காவல் நிலையம் ஒன்று, 'முஃபஸ்ஸில்' காவல் நிலையம் இன்னொன்று. அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் கடைசியாக இது தஞ்சம் புகுந்திருப்பது போக்குவரத்துக் கழகத்தில். கோயம்பேடு நிலையம் 2002 நவம்பரில் திறக்கப்பட்டபோது 'சென்னை மொஃபசல் பஸ் டெர்மினஸ்' என்று ஆங்கிலத்தில் பெயர். தமிழில் அதையே 'புறநகர்' என்றார்கள். நாகர்கோவில் போகிற வண்டிக்கு அது பொருந்தாது என்று அப்போதே சிலர் முணுமுணுத்திருப்பார்கள். 2018-இல் எம்.ஜி.ஆர். பெயரை வைத்தார்கள். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கத்தில் திறந்த நிலையத்துக்குக் கலைஞர் நூற்றாண்டுப் பெயர். தென்மாவட்ட வண்டிகள் அங்கே போய்விட்டன. புதிய பெயரில் மொஃபசல் இல்லை. தலைவர்களுக்கு இடம் தேவைப்படும்போது பெயரடைகள்தான் முதலில் வெளியே போகும்.

ஆனால் கழகத்தின் கணக்கில் அது உயிரோடுதான் இருக்கிறது. வண்டிகள் அங்கே டவுன், மொபசல், மலைவழி என்று வகைவகையாக. பயணிகள் 'ரூட் பஸ்' என்றோ 'வெளியூர் பஸ்' என்றோ சொல்வார்கள். 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது இந்த வகைப்பாடு திடீரென்று பணமதிப்புள்ளதாகிவிட்டது. சாதாரண டவுன் பஸ்ஸில் இலவசம், மொபசல் வண்டியில் டிக்கெட். ஒரே சாலையில், ஒரே கிராமத்து நிறுத்தத்தில், முன்னால் வரும் வண்டியில் காசு, பின்னால் வரும் வண்டியில் காசில்லை. நூறு நாள் வேலைக்கோ துணிக்கடை வேலைக்கோ போகிற பெண் எதிரில் நிற்கும் மொபசல் வண்டியை விட்டுவிட்டு அரைமணி நேரம் டவுன் பஸ்ஸுக்காக நிற்பதை எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம். கர்நாடகம் 2023 ஜூனில் 'சக்தி' திட்டம் கொண்டுவந்தபோது இந்தக் கோட்டைப் போடவில்லை. சாதாரண வண்டியாக இருந்தால் மாநிலத்தின் எல்லைவரை எங்கும் போகலாம். அந்த ஊர்ப் பெண்களுக்குத்தான்.

தமிழ்நாட்டில் எது எந்த வகை வண்டி என்று முதலில் வெள்ளைப் பலகையை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்தபின் நடத்துநர் காசு கேட்க, வாக்குவாதம், நடுவழியில் இறங்குவது என்று தகராறுகள். எட்டத்தில் வரும்போதே தெரியட்டும் என்று 2022-இல் சென்னையில் தொடங்கி இலவச வண்டிகளின் முகப்பில் இளஞ்சிவப்புச் சாயம் பூசினார்கள்.